ஸ்டார்ட் ஆகாத பிக்கப்பும் மெக்கானிக்கின் கூலியும்



தீவகத்தில் வியாபாரம் செய்பவரின் நேரம் கடலின் கையில் இருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகு எவருக்காகவும் காத்து நிற்பதில்லை. ஊர்காவற்றுறையில் ஐஸ் போட்டு அடுக்கிய மீன் பெட்டி யாழ்ப்பாணச் சந்தைக்கு நேரம் தவறிப் போனால் அந்த மீனுக்கு விலை சொல்வது நாமல்ல, வாங்குபவர்தான். இப்படியான காலை வேளையில் பிக்கப்பின் திறப்பைத் திருப்ப, "டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்து அடங்கிவிட்டால் அன்றைய இலாபம் முழுவதும் அந்தச் சத்தத்தோடு போய்விடுகிறது. இதை அனுபவிக்காத வியாபாரி அல்லைப்பிட்டி தொடக்கம் புங்குடுதீவு வரை ஒருவராவது இருப்பாரா என்பது சந்தேகமே.

நம்மில் பெரும்பாலானோர் ஓட்டுவது பழைய வாகனம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீடு, கடை, லொறி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுப் போனவர்கள் நாம். 2009க்குப் பின் திரும்பி வந்து தொழிலைத் தொடங்கியவர்களில் எத்தனை பேரிடம் புது வாகனம் வாங்க முதல் இருந்தது? லீசிங் எடுக்கலாம் என்றால் வட்டி குறுக்கே நிற்கிறது. இஜாரா முறையில் எடுக்க வழி உண்டென்றாலும் அது எல்லோருக்கும் எட்டுவதில்லை. போதாக்குறைக்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டாலும், வரியோடு சேர்த்து வரும் விலையைக் கேட்டவர்கள் வீட்டில் நிற்கும் பழைய ஹைலக்ஸைக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டார்கள். கைக்காசு கொடுத்து வாங்கிய பழைய வாகனத்தைப் பராமரித்து ஓட்டுவது சரியான கணக்குத்தான். நமது கணக்கு பிழைக்கும் இடம் வேறு. அதைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத நினைத்தேன்.

வாகனம் ஸ்டார்ட் ஆகவில்லை என்று கராஜுக்குப் போகிறோம். மெக்கானிக் ஒரு பாகத்தைக் கழற்றிக் காட்டி, "நாநா, இதை மாற்றவேணும்" என்றால் பல்லாயிரம் ரூபாவை மறுபேச்சின்றி எண்ணிக் கொடுக்கிறோம். பழைய பாகம் நம் கையிலும் புதிய பாகம் வாகனத்திலும் இருப்பதால் மனம் ஆறுதலடைகிறது. அதே மெக்கானிக் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுத் தேடி, ஒரு வயரின் முனையைச் சுரண்டி இறுக்கிவிட்டு, இரண்டாயிரம் ரூபா கூலி கேட்டால் என்ன சொல்கிறோம்? "ஒரு நட் இறுக்கினதுக்கா தம்பி இரண்டாயிரம்?" என்கிறோம். ஐந்நூறைக் கொடுத்துவிட்டு வெற்றி பெற்றவர்கள்போல வெளியே வருகிறோம்.

இதன் விளைவை நாம் யோசிப்பதில்லை. தேடுவதற்குக் கூலி இல்லை, மாற்றினால்தான் கூலி என்று நாமே அந்தத் தொழிலாளிக்குப் பாடம் படிப்பித்து வைத்திருக்கிறோம். அடுத்த முறை அவர் ஏன் தேடுகிறார்? பற்றரியை மாற்றுவார். சரிவராவிட்டால் ஸ்டாட்டரை மாற்றுவார். நாமும் கொடுப்போம். வேலையாளின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுகிறவர்கள் நாம். வியர்வைக்குக் கூலி கொடுக்கிறோம் என்றே வைத்துக்கொண்டாலும், தலைக்குள் இருக்கும் அறிவுக்குக் கூலி கொடுக்க நமக்கு இன்னும் கை நீளவில்லை.

எனக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் புங்குடுதீவுப் பக்கம் மாவும் சீமெந்தும் ஏற்றி இறக்குபவர். டீசல் ஹைலக்ஸ் வைத்திருக்கிறார். சென்ற சோளகக் காலத்தில் அது காலையில் ஸ்டார்ட் ஆவதும் ஆகாததுமாக இருந்தது. பட்டணத்தில் ஒரு கராஜில் புதிய பற்றரி போட்டார்கள். இரண்டு வாரம் ஓடியது. மறுபடியும் நின்றது. இன்னொரு கராஜில் ஸ்டாட்டரை மாற்றினார்கள், அதுவும் ஜப்பான் பழசு என்று சொல்லி நல்ல விலைக்கு. பத்து நாள் ஓடியது. பிறகு வேலணையில் வீட்டோடு சின்னக் கொட்டில் போட்டு வேலை செய்யும் வயதான ஒருவர் பார்த்தார். பற்றரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் வயரை இழுத்ததும் அது கையோடு வந்தது. உறைக்குள் செம்பு இழைகள் பச்சை பூத்து மாவாக இருந்தன. வயரின் விலை இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. பற்றரி மாற்றும்போதும் ஸ்டாட்டர் மாற்றும்போதும் அந்த வயர் கொஞ்சம் அசைந்து கொடுத்ததால்தான் வாகனம் அந்தச் சில நாட்கள் ஓடியிருக்கிறது. இரு கராஜ்காரர்களும் தாங்கள் போட்ட பாகத்தால்தான் சரிவந்தது என்று நம்பியிருப்பார்கள். அவர்களைக் கள்வர் என்று நான் சொல்லமாட்டேன்.

தீவகத்தில் ஓடும் வாகனத்துக்கு முதல் எதிரி உப்பு. பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது இரு பக்கமும் கடல். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலும் அப்படித்தான். சோளகம் வீசினால் உப்பு நீர்த்தூவல் வாகனத்தின் அடிவயிறு முழுவதும் படுகிறது. கண்ணுக்குத் தெரியும் பொடி துருப்பிடிப்பதைப் பார்த்துக் கவலைப்படுகிறோம். கண்ணுக்குத் தெரியாத எர்த் வயரும், பியூஸ் பெட்டியும், ஸ்டாட்டருக்குப் போகும் மெல்லிய வயரின் முனையும் அதைவிட வேகமாக அரிபடுகின்றன. ஆகையால் எங்கள் பக்கத்துப் பழைய வாகனம் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பாகம் செத்துவிட்டது என்று நினைக்குமுன் இணைப்பு செத்துவிட்டதா என்று பார்ப்பதுதான் புத்தி. கொழும்பிலும் கண்டியிலும் உள்ளவர்களுக்கு இந்த வரிசை மாறலாம்.

இதைப் பார்க்க மெக்கானிக் படிப்புத் தேவையில்லை. இரவில், அல்லது கொட்டிலின் நிழலில், முன்விளக்கைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருப்புங்கள். விளக்கு அப்படியே மங்கி அணைந்துபோனால் பற்றரியில் சார்ஜ் இல்லை, அல்லது பற்றரி முனையில் பிடிப்பு இல்லை. விளக்கு மங்காமல் பளிச்சென்று எரிந்தும் எஞ்சின் அசையவில்லை என்றால் மின்சாரம் ஸ்டாட்டருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் ஸ்டாட்டர் உள்ளுக்குள் வேலை செய்யவில்லை. இந்த ஒரு சோதனையே பாதி வழியை அடைத்துவிடும். "டக டக டக" என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பற்றரி பலவீனம். ஒரே ஒரு "டக்" பலமாகக் கேட்டு நின்றால் கதை வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கையில் ஒரு சிறிய மீற்றர் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு தடவை தவறான பாகம் வாங்கும் காசுக்குள் பல மீற்றர் வாங்கலாம். இரவு முழுவதும் நின்ற வாகனத்தின் பற்றரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. ஆனால் ஓய்வில் நல்ல எண் காட்டும் பற்றரியும் சுமை வந்ததும் விழலாம். ஆகவே ஒருவர் திறப்பைத் திருப்பும்போது மற்றவர் மீற்றரைப் பார்க்கவேண்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் முதலில் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிய பிறகும் அப்படியே விழுந்தால் பற்றரியின் ஆயுள் முடிந்தது. எஞ்சின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 தொடக்கம் 14.4 வரை காட்டவேண்டும். காட்டாவிட்டால் அல்டர்நேட்டர் பக்கம் குறை. அதைப் பார்க்காமல் புதிய பற்றரி போட்டவர் அடுத்த மாதம் அதே இடத்தில் நிற்பார்.

எர்த் வயரைப் பிடிக்கும் சோதனைதான் இவை எல்லாவற்றிலும் அருமையானது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் கட்டையில் வையுங்கள். மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பில் வையுங்கள். ஒருவர் திறப்பைத் திருப்பட்டும். எண் பூச்சியத்துக்கு அருகில் நிற்கவேண்டும். அரை வோல்டுக்கு மேல் ஏறினால் நடுவில் எங்கேயோ வயர் அழுகியிருக்கிறது என்று அர்த்தம். மீற்றர் இல்லாதவர் ஜம்ப் கேபிளில் ஒன்றை எடுத்து நெகட்டிவ் கட்டையிலிருந்து நேரே எஞ்சின் இரும்புக்குப் பூட்டித் திருப்பிப் பார்க்கட்டும். செத்துக் கிடந்த எஞ்சின் சுற்றினால் குற்றவாளி அகப்பட்டான். நான் மேலே சொன்ன சகோதரருக்குப் பற்றரியையும் ஸ்டாட்டரையும் விற்றவர்கள் இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்திருந்தால் அவருடைய ஒரு மாத இலாபம் அவரிடமே இருந்திருக்கும்.

இப்போது அந்த ஒற்றை "டக்". பழைய டொயோட்டாக்களில் இது மிகவும் பிரசித்தம். ஸ்டாட்டரின் தலையிலுள்ள சொலினோயிட்டுக்குள் இரண்டு செம்புத் துண்டுகள் இருக்கின்றன. திறப்பைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு செம்புத் தட்டு வந்து அவ்விரண்டையும் தொட்டு மின்சாரத்தைக் கடத்துகிறது. ஆயிரக்கணக்கான தடவை பொறி பறந்து அவை தேய்ந்துபோகின்றன. தட்டு வந்து அடிக்கும் சத்தம் கேட்கும், மின்சாரம் கடக்காது. நாலைந்து தடவை திருப்பினால் ஒருதரம் பிடிக்கும். நமது ஆட்கள் சுத்தியலால் ஸ்டாட்டரில் தட்டி ஓடுவது இந்த நோய்க்குத்தான். அந்தச் செம்புத் துண்டுகள் தனியாகக் கிடைக்கும். முழு ஸ்டாட்டரின் விலையில் மிகச் சிறிய பங்கு. கழற்றிப் பூட்டும் கூலிதான் அதிகம். இங்கேதான் மறுபடியும் அந்தப் பிரச்சினை வருகிறது. துண்டின் விலையைவிடக் கூலி பல மடங்கு என்றதும் நமக்கு நெஞ்சு பொறுப்பதில்லை. "ஸ்டாட்டரையே மாற்று" என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பற்றரியையும் ஸ்டாட்டரையும் விட்டுவிட வேண்டும். டீசல் எஞ்சினுக்குக் காற்று, டீசல், சூடு ஆகிய மூன்றும் கிடைத்தால் அது ஓடாமல் இருக்க வழியில்லை. சுற்றும்போது ஒருவர் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்க்கட்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. ஹீட்டர் பிளக், அதன் ரிலே, பியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். ஹீட்டர் பிளக்கின் இணைப்புப் பட்டையைக் கழற்றி, பற்றரியின் பொசிட்டிவிலிருந்து ஒரு பரிசோதனை விளக்கின் வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டால், எரியவைப்பது நல்லது, எரியவைக்காதது செத்தது. எல்லாம் நல்லதாக இருந்தும் வெள்ளைப் புகை என்றால் எஞ்சினின் கொம்பிரஷன் குறைந்திருக்கலாம். அது பெரிய வேலை.

புகையே இல்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. பம்பின் மேல் ஒரு சிறிய சொலினோயிட் உண்டு. திறப்பை ஓன் செய்ததும் "டிக்" என்று அது திறந்தால்தான் டீசல் கடக்கும். அதற்குப் போகும் ஒற்றை வயரை உப்புத் தின்றுவிட்டால் எஞ்சின் நாள் முழுக்கச் சுற்றினாலும் ஓடாது. பற்றரி இறங்கிய டீசல் வாகனத்தைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம்தான். ஆனால் இந்தச் சொலினோயிட் திறக்குமளவு மின்சாரமாவது மிஞ்சியிருக்கவேண்டும். மண்கும்பான் மணலில் தள்ளப் போகிறவர்கள் அதை முதலில் பார்த்துக்கொண்டால் முதுகு மிஞ்சும்.

மற்றது தண்ணீர். நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு போன்ற இடங்களுக்கு எரிபொருளும் கடல் கடந்துதான் போகவேண்டும். கலனில் வைத்து ஊற்றும் டீசலில் மாரி காலத்தில் தண்ணீர் சேர்வது சகஜம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்த கலனிலெல்லாம் டீசலைச் சேர்த்து வைத்ததும், அதன் அடிமண்டி வாகனத்துக்குள் போனதும் பலருக்கு ஞாபகமிருக்கும். பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கீழே தனியாக நிற்கும். பிறகு பில்டரின் தலையிலுள்ள கைப்பம்பை அமுக்கி எயார் எடுக்கவேண்டும். கைப்பம்ப் இறுகாமல் தொளதொளவென்று போய்க்கொண்டே இருந்தால் டாங்கியிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் நின்றுவிட்டுக் காலையில் மட்டும் சண்டித்தனம் செய்யும் பல வாகனங்களின் நோய் இதுதான். டீசல் வழியே காற்றுப் புகுந்து, இரவில் டீசல் டாங்கிக்குத் திரும்பிவிடுகிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சில இளைஞர்கள் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயைக் காற்றுக் குழாயில் அடிக்கிறார்கள். ஹீட்டர் பிளக் உள்ள டீசல் எஞ்சினில் அது சூட்டில் பட்டு நேரத்துக்கு முன் வெடிக்கும். பிஸ்டன் உடையலாம், ஆளின் முகமும் கருகலாம்.

தேடிக் கண்டுபிடிக்கும் இந்த வித்தை வடக்கு மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல. 1990க்குப் பின் குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடை செய்யப்பட்டிருந்த காலத்தில் ஒஸ்டின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் அவர்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்று அறிந்து, சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேட்டருக்குள் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நாங்கள் அப்போது புத்தளத்து முகாம்களில் இருந்தோம். திரும்பி வந்த பிறகு அவர்கள் வாயாலேயே கேட்டறிந்தேன். புதிய பாகம் என்ற ஒன்றே கிடைக்காத இடத்தில், மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் வளர முடியாது. யோசித்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். 2002இல் ஏ9 பாதை திறந்து பாகங்கள் வரத் தொடங்கிய பிறகு அந்த யோசனைக்கு மதிப்புக் குறையத் தொடங்கியது என்பது என் அபிப்பிராயம். அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களிடம் வேலை பழக எந்தப் பிள்ளை வருவான்? தேடினால் ஐந்நூறு, மாற்றினால் ஐயாயிரம் என்றால் பிள்ளை எதைப் பழகுவான்?

ஆகவே நான் சொல்வது இதுதான். கராஜுக்குப் போனதும், "தம்பி, முதலில் குறையைக் கண்டுபிடி. பாகம் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பார்த்ததற்கு இவ்வளவு தருகிறேன்" என்று பேசிக்கொள்ளுங்கள். தொகையை முன்கூட்டியே பேசுங்கள். கூலியைப் பேசாமல் வேலைக்கு அமர்த்துவது நமது மார்க்கத்திலும் நல்ல முறையல்ல. கண்டுபிடித்த பின், "எப்படித் தெரிந்தது, காட்டு" என்று கேளுங்கள். மீற்றரை வைத்துக் காட்டுபவரைக் கைவிடாதீர்கள். "போட்டுத்தான் பார்க்கவேணும்" என்பவரிடம், போட்டும் சரிவராவிட்டால் பாகத்தைத் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள். மின்சாரப் பாகங்களைக் கடைக்காரர் திருப்பி எடுப்பது அபூர்வம். நாமும் கடைக்காரர்கள்தான், அது நமக்குத் தெரியும்.

கராஜ்காரர்கள் பக்கமும் சொல்ல இருக்கிறது. கழற்றிய பழைய பாகத்தை வாகனக்காரரிடம் கொடுக்காமல் பழைய இரும்புக்கு விற்பதும், ஜப்பான் பழசு என்று வேறு எதையோ பூட்டுவதும் நடக்கத்தான் செய்கின்றன. அதேபோல வாகனம் கைமாறும்போது நம்மவர்கள் செய்வதையும் மறைக்கக்கூடாது. இறக்குமதி நின்றிருந்த ஐந்து வருடங்களில் பழைய பிக்கப்புகளின் விலை ஏறியபோது, விற்பதற்கு முதல்நாள் பற்றரியைச் சார்ஜ் ஏற்றி, எஞ்சினைச் சூடாக்கி வைத்துக்கொண்டு, "திறப்பைத் தொட்டாலே போதும், ஸ்டார்ட்" என்று காட்டியவர்கள் உண்டு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியை என்ன கேட்டார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் தேநீர் குடித்துவிட்டு, பள்ளிக்குப் போய் அஸரையும் தொழுதுவிட்டு, ஆறிய பிறகு வந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

குறிகட்டுவானிலும் ஊர்காவற்றுறையிலும் கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு மீற்றரும், ஒரு சோடி ஜம்ப் கேபிளும், ஒன்றரை முழ எர்த் வயரும் பொதுவாக வாங்கி ஒரு கடையில் வையுங்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் ஒருவருக்குப் பெரிய தொகை வராது. யாருடைய வாகனம் நின்றாலும், எந்த ஊர்க்காரர் ஆனாலும், எடுத்துப் பாவித்துவிட்டுத் திருப்பி வைக்கட்டும். கேபிள் வாங்கும்போது விரல் தடிப்பான செம்புக் கேபிளாகப் பாருங்கள். பெட்டியில் அழகாக வரும் மெல்லிய கேபிள் சூடாகி உருகும், எஞ்சினைச் சுற்றாது. பூட்டும்போது சிவப்பை இரண்டு பொசிட்டிவிலும், கறுப்பை நல்ல பற்றரியின் நெகட்டிவிலும் பூட்டி, கடைசி முனையை நின்றுபோன வாகனத்தின் எஞ்சின் இரும்பில், பற்றரியிலிருந்து தள்ளிப் பூட்டுங்கள். சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து வரும் வாயு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். பெரிய லொறிகள் பல 24 வோல்ட். அவற்றிலிருந்து 12 வோல்ட் பிக்கப்புக்குப் பூட்டவே கூடாது.